தானாக வந்த மஞ்சள்

போன மாதம் சுனிதா வீட்டுக்கு வந்தாள். நான் ரிடையர் ஆகும்போது எங்கள் வார்டில் சின்ன நர்ஸாக இருந்தவள், இப்போது ஆபரேஷன் தியேட்டர் இன்சார்ஜ். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே போனை என் மூக்குக்கு நேராக நீட்டி, "அம்மா, முதலில் இதைப் பாருங்கள்" என்றாள் தெலுங்கில்.

பித்தப்பையை எடுக்கிற ஆபரேஷன் வீடியோ. அதை நான் எத்தனை பார்த்திருப்பேன், இதில் என்ன அதிசயம் என்றுதான் பார்க்க ஆரம்பித்தேன். யாரோ ஒரு பட்டனை அழுத்தினார்கள். படம் இருண்டு, பித்தக் குழாய் மட்டும் பச்சையாக ஒளிர்ந்தது. முன்கூட்டியே ஊசியில் ஒரு மருந்து ஏற்றி விடுகிறார்களாம். அது கல்லீரல் வழியாகப் பித்தத்தில் கலந்து, தனி வெளிச்சத்தில் மின்னுமாம். வெட்ட வேண்டிய காம்பு எது, தொடவே கூடாத குழாய் எது என்று பச்சையாகத் தெரிகிறது. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தேன். அவளுக்குப் போட்ட டீ ஆறியே போய்விட்டது.

"இது இல்லாமல் உங்கள் காலத்தில் எப்படிச் சமாளித்தீர்கள்? எழுதிக் கொடுங்கள், சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்" என்றாள். எனக்கு எழுத வருவது தமிழ் மட்டும்தான், நீ யாரையாவது பிடித்துத் தெலுங்கில் மாற்றிக்கொள் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். அதனால் இது.

அப்பா லாலாகூடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அரக்கோணத்து ஆள். வீட்டில் அரக்கோணத்துத் தமிழ், தெருவில் தெலுங்கு, கடைக்குப் போனால் உருதுவும் ஹிந்தியும் கலந்த ஐதராபாத் பேச்சு. வேண்டாம் என்பதற்கு "நக்கோ" என்று ஒரு தடவையாவது சொல்லாமல் எனக்கு இன்றைக்கும் பொழுது போகாது. நர்ஸிங் படித்தது சிகந்தராபாத்தில். அந்த வருஷங்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பெட்ஷீட் மூலை மடிக்கக் கற்றுக்கொண்டேன், திட்டு வாங்கக் கற்றுக்கொண்டேன், திருப்பிப் பேசவும் கற்றுக்கொண்டேன். கடைசியாகச் சொன்னதுதான் நன்றாக வந்தது.

அப்புறம் ஊரே மாறின காலம். மாதாப்பூர் பக்கம் பாறையை உடைத்துக் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பின. எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் லேப்டாப் பையோடு வந்து இறங்கினார்கள். ஆஸ்பத்திரிகளும் அதே வேகத்தில் முளைத்தன. பித்தப்பையில் கல்லா, வயிற்றில் சின்னச் சின்ன ஓட்டை போட்டுப் பையை உருவிவிட்டு மறுநாளே வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் நல்லபடியாகத்தான் முடிந்தது. முடியாதவை நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு, எங்களிடம் வந்தன.

விஷயம் இவ்வளவுதான். கல்லீரலில் பித்தம் ஊறி, ஒரு குழாய் வழியாகக் குடலுக்குப் போகிறது. போகிற வழியில் ஒரு காம்பில் தொங்குகிற பைதான் பித்தப்பை. பை இல்லாமல் ஆயுசு முழுக்க இருக்கலாம், குழாய் இல்லாமல் இருக்க முடியாது. புண்ணும் வீக்கமுமாக எல்லாம் ஒட்டிக்கிடக்கும்போது, காம்பு என்று நினைத்துக் குழாயையே வெட்டிவிட்டால் பித்தம் வயிற்றுக்குள் கொட்டும். அப்படி வந்தவர்களைச் சரிபண்ணுகிறவர் எங்கள் யூனிட் தலைவர். எல்லோருக்கும் அவர் "பெத்த சார்", அதாவது பெரிய சார். நானும் அப்படியே சொல்லிவிட்டுப் போகிறேன்.

ஒல்லியான மனுஷன். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மெட்ராஸில் படித்தவர், அங்கே மெஸ்ஸில் கற்ற தமிழ் மட்டும் நாக்கில் மிச்சம் இருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு "ங்கோ" போடுவார். காலையில் வார்டுக்குள் வந்ததும் கேஸ் ஷீட்டைத் தொட மாட்டார், நேரே படுக்கைக்குப் போய், "கலர் ஏமிட்டி?" என்பார். மலம் என்ன நிறத்தில் போனது என்று கேட்கிறார். மலத்துக்கு மஞ்சளும் பழுப்பும் கொடுப்பது பித்தம்தான். பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துப் போகும். ஒரு சாஃப்ட்வேர் பையன் கூச்சத்தில் நெளிந்து, "பார்க்காம ஃப்ளஷ் பண்ணிட்டேன் சார்" என்றான். பெத்த சாருக்கு முகம் வாடிவிட்டது. "எனக்கு இருந்த ஒரே ரிப்போர்ட்டைத் தண்ணி ஊத்தி அனுப்பிட்டீங்கோ" என்றார்.

அவர் யூனிட்டில் இன்னொரு வழக்கமும் உண்டு. வார்டில் ஒரு நோயாளிக்கு, பித்தம் வடிய வைத்த குழாயைக் கழுவி, கட்டு மாற்றிப் பார்த்துக்கொள்கிற நர்ஸ்தான் அந்த நோயாளியின் ஆபரேஷனிலும் கூட நிற்க வேண்டும். மற்ற இடங்களில் வார்டு வேறு, தியேட்டர் வேறு. இவரோ, "வெளியே இருக்கற முனையைத் தினம் பார்க்கறவளுக்கு உள்ளே இருக்கற முனையும் தெரியணும்" என்பார். அதனால்தான் நான் இரண்டையும் பார்த்தேன்.

கோமதி வந்தது நல்ல வெயில் காலத்தில். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். புருஷன் முருகேசன் ஜீடிமெட்லாவில் ஒரு மருந்து ஃபேக்டரியில் என்ஜினீயர், வீடு பாலாநகரில். கர்ப்பமாக இருக்கும்போதே கல் வலி. குழந்தை பிறந்து சில மாதம் கழித்து ஒரு சின்ன நர்ஸிங் ஹோமில் பையை எடுத்திருக்கிறார்கள். நாலு நாளில் வயிறு ஊதி, காய்ச்சலோடு எங்களிடம் கொண்டுவந்தார்கள். படம் எடுத்துப் பார்த்தால், குழாய் ஒரேயடியாக வெட்டுப்பட்டிருந்தது. கோமதியின் அம்மா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஊருக்கு ரயிலேறிவிட்டாள். இவளுக்கு இங்கே பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருந்தது. வயிற்று வலியைவிட அந்த வலிக்குத்தான் அவள் அழுதாள்.

வயிற்றில் தேங்கியதை வெளியே எடுத்து, விலாப் பக்கமாகக் கல்லீரலுக்குள் ஒரு மெல்லிய குழாய் செருகி, பித்தத்தை வெளியே ஒரு பைக்கு வடிய விட்டோம். வழியில் திருகுகிற மாதிரி ஒரு பிளாஸ்டிக் வால்வு. முருகேசன் கேட்டார், "எப்ப சார் ஜாயின் பண்ணுவீங்க? லைன் லீக் ஆச்சுன்னா உடனே வெல்டு பண்ணிரணும்லா?"

"ஈரமா இருந்தா வெல்டு பிடிக்குமோ?"

"பிடிக்காது சார்."

"புண்ணு ஆறட்டும்ங்கோ. முதல் தடவை சேர்க்கறதுதான் நல்ல சேர்ப்பு. அவசரப்பட்டுச் சேர்த்து அது விட்டுப்போனா, அடுத்த தடவை சேர்க்கக் குழாயே மிச்சம் இருக்காது."

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும் என்றார். கோமதி சுவர் பக்கம் திரும்பிப் படுத்தாள். பிள்ளை அதற்குள் தவழ்ந்துவிடுவான் என்பதுதான் அவள் கணக்கு. தினமும் சாயங்காலம் ஊருக்குப் போன் போடுவார்கள். அங்கே அம்மா குழந்தையின் காதில் போனை வைப்பாள். இவள் "ஏலே ராசா, அம்மா பேசுதேன்ல" என்று பேசிக்கொண்டே இருப்பாள். அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

வெட்டின டாக்டரை வார்டில் எல்லோரும் வாய்க்கு வந்தபடி பேசினோம். நானும்தான் பேசினேன், எனக்கென்ன வாய் கொஞ்சமா. பெத்த சார் ஒரு நாள் காதில் வாங்கிவிட்டு, "மனுஷனுக்கு மனுஷன் உள்ளே இந்தக் குழாய் ஓடற வழி வேற சாந்தம்மா. நாளைக்கு என் கையும் தப்பும்" என்றார். பிறகு அந்த டாக்டருக்கு அவரே போன் போட்டு, சேர்க்கிற அன்றைக்கு நீங்களும் வாருங்கள் என்று கூப்பிட்டார். வருவான் என்று நான் நம்பவில்லை.

கோமதியை வீட்டுக்கு அனுப்பினோம். பையை இடுப்புக்குக் கீழே வைக்கணும், குழாயைக் கழுவணும், கட்டு நனையக் கூடாது என்று முருகேசனுக்கு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். ஒரு தடவை காட்டினால் போதும், கை சுத்தமான ஆள். ஆனால் ஒவ்வொரு வாரமும் கட்டு மாற்ற வரும்போது அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. ஈறில் ரத்தம் கசிந்தது. பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் சாப்பிட்ட சத்து உடம்பில் ஒட்டாது.

ஒரு காலை அவளை ஆட்டோவிலிருந்து தூக்கித்தான் இறக்கினார்கள். பல் கிட்டுகிற குளிர் நடுக்கம், கண்ணெல்லாம் மஞ்சள், சிறுநீர் காப்பி டிகாக்‌ஷன் மாதிரி. ஜூனியர் டாக்டர்கள் குழாய் நழுவிவிட்டது என்று ஸ்கேனுக்கு ஓடினார்கள். பெத்த சார் ஓடவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அவள் விலாவிலிருந்து குழாயின் மேலேயே விரலை ஓட்டிக்கொண்டு வந்தார். விரல் வால்வில் வந்து நின்றது. வால்வு பாதி மூடியிருந்தது.

"யார் திருகினது?"

"நான்தான் சார்" என்றார் முருகேசன். "தினம் அரை லிட்டருக்கு மேல வெளிய போகுது. உடம்புல ஊறுத சத்துல்லா அது. எங்க பிளான்ட்ல இப்படிப் போச்சுன்னா யீல்டு லாஸ், சரக்கு வீணாப்போகுதுன்னு வால்வைக் குறைப்போம். பாதியாவது உள்ள தங்கட்டும்னு..."

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே. போக வழியில்லாத பித்தம் உள்ளே தங்கினால் அழுகாமல் என்ன செய்யும்? "உங்க பொண்டாட்டி என்ன பாய்லரா?" என்று கேட்டே விட்டேன். அவர் முகம் செத்துப்போனது. பெத்த சார் எனக்குக் கையைக் காட்டி அடக்கிவிட்டு, வால்வை முழுக்கத் திறந்தார். கலங்கலாய், கெட்டியாய்க் கொட்டியது.

காய்ச்சல் இறங்கி அவள் கண் திறக்கும்வரை முருகேசனோடு யாரும் பேசவில்லை. இறங்கின பிறகு பெத்த சார் அவரைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார்.

"செஞ்சது தப்புங்கோ. நினைச்சது தப்பில்லே. உங்க ஃபேக்டரியிலே மருந்தைக் கரைக்கற சால்வென்ட் மிச்சம் வந்தா என்ன பண்ணுவீங்கோ?"

"கீழ விடமாட்டோம் சார். பிடிச்சு, சுத்தம் பண்ணி, திரும்ப உள்ள..."

முருகேசன் அங்கேயே நிறுத்திவிட்டு பெத்த சாரை நிமிர்ந்து பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். மெட்ராஸில் அவருடைய வாத்தியார் காலத்தில் செய்தார்களாம், வடிகிற பித்தத்தையே நோயாளிக்குத் திரும்பக் குடிக்கக் கொடுப்பது. கசப்புத் தாங்காமல் வாந்தி எடுக்கிறார்கள் என்று பிறகு விட்டுவிட்டார்களாம்.

பித்தத்தில் கிருமி இல்லை என்று லேபில் சொன்ன பிறகு ஆரம்பித்தோம். காலையில் புதுப் பையில் வடிந்ததைச் சுத்தமான துணியில் வடிகட்டி, ஃபிரிட்ஜில் ஜில்லென்று வைத்து, கறுப்புத் திராட்சை ஜூஸில் கலந்து, மூடி போட்ட டம்ளரில் ஸ்ட்ராவோடு கொடுப்பது. டானிக் என்று சொல்லிக் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். "பொய் சொன்னா ஒரு நாள் குடிப்பா. நிஜம் சொன்னா தினம் குடிப்பா" என்றார் பெத்த சார். சொல்வதற்கு என்னை அனுப்பிவிட்டார், அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம்.

சொன்னேன். கோமதி டம்ளரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "என்னுதுதானக்கா? வேற யாரோடதும் இல்லல்லா? கொண்டாங்க" என்று வாங்கினாள். கண்ணை மூடி உறிஞ்சினாள். உமட்டிக்கொண்டு வந்தது, நிறுத்தினாள், மறுபடி உறிஞ்சினாள். டம்ளர் காலியானது. வெளியே வராந்தாவில் முருகேசன் வடிகட்டின துணியில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்ததைப் பார்த்தேன். அதற்கும் திட்டினேன். கண்ணில் தண்ணீரோடு, "இதைத்தான் குடிக்கா சிஸ்டர்" என்றார்.

நம்பவே மாட்டீர்கள். சில நாளில் அவளுக்குப் பசித்தது. ஈறில் ரத்தம் நின்றது. ஒரு காலை பாத்ரூமிலிருந்து "அக்கா" என்று கூப்பிட்டாள். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். "மஞ்சள் பாருங்க" என்றாள். இருவரும் குனிந்து அதைப் பார்த்தோம். எத்தனை வருஷ சர்வீஸ், எத்தனை பெட்பேன், ஒரு நாளாவது இதைப் பார்த்து எனக்கு உடம்பு சிலிர்த்ததுண்டா? யாரும் நினைத்துப் பார்க்காத ஒரு வேலையை உடம்பு தினமும் எப்படிச் செய்துகொண்டிருந்திருக்கிறது. பெத்த சாரிடம் சொன்னபோது அவரும் சந்தோஷப்பட்டார், ஆனால் பாதிதான். "இது நாம ஊத்தின மஞ்சள் சாந்தம்மா. தானா வரணும்" என்றார்.

அவள் கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்த பிறகு ஆபரேஷனுக்கு நாள் வைத்தார்கள். அன்றைக்கு அந்த டாக்டர் வந்தார். சின்ன வயசு. கையைக் கழுவி, பச்சை உடை போட்டு, ஓரமாக நின்றார். நாங்கள் பேசின பேச்சுக்கெல்லாம் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. பெத்த சார் ஒன்றும் நடக்காத மாதிரி, "எதிர்ப் பக்கம் வாங்கோ, அங்கிருந்து தெரியாது" என்று தனக்கு எதிரே நிற்க வைத்தார்.

ஒட்டிக்கிடந்ததை மயிரிழை மயிரிழையாகப் பிரித்துக்கொண்டே போனார். கடைசியில் கல்லீரலுக்கு அடியில் அந்த வெட்டுப்பட்ட முனை தெரிந்தது. பால்பாயின்ட் பேனா ரீஃபில் கனம்கூட இருக்காது. பெத்த சார் கருவிகளை என் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு கையையும் துணிமேல் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். "இத்தனூண்டு. ஒரு நாள் லீவு போடாம எழுபது எண்பது வருஷம் ஓடணும்" என்று தெலுங்கில் சொன்னார். யாருக்குச் சொன்னாரோ தெரியாது.

குடலில் ஒரு பகுதியை மேலே கொண்டுவந்து, அதில் சின்னதாக ஒரு வாய் திறந்து, குழாயின் வாயோடு வாய் சேர்த்துத் தைத்தார். நூல் கண்ணில் படாது, வெளிச்சத்தில் சாய்த்தால்தான் தெரியும். ஒவ்வொரு முடிச்சையும் இறுக்காமல் படிய வைத்தார். தைத்து முடித்ததும் கை நீட்டினார். என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும், புது வெள்ளைத் துணி. அதைத் தையலுக்கு அடியில் வைத்துக் காத்திருந்தார். துளி கசிந்தாலும் வெள்ளையில் மஞ்சள் காட்டும். துணியை எடுத்து விளக்கில் பிடித்தார். வெள்ளையாகவே இருந்தது. அந்தச் சின்ன டாக்டரிடம் கொடுத்து, "நீங்களும் பாருங்கோ" என்றார். அவர் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதைக் கீழே போட அவருக்கு மனசு வரவில்லை.

சில நாள் கழித்து, மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். மருந்து சேர்ப்பு வழியாகக் குடலுக்குள் இறங்கினது. விலாவில் வைத்த பழைய குழாய் இன்னும் வெளியே வடிந்துகொண்டிருந்தது. பெத்த சார் முருகேசனைக் கூப்பிட்டார். "வால்வை மூடுங்கோ."

முருகேசன் பின்னால் நகர்ந்தார். "நீங்க மூடுங்க சார்."

"நீங்கதான்."

கையை பேன்ட்டில் துடைத்துக்கொண்டு வந்தார். திருகினார். "முழுசா" என்றார் பெத்த சார். முழுசாக மூடினார். இனி பித்தத்துக்கு ஒரே வழிதான். சேர்ப்பு அடைத்துக்கொண்டால் மறுபடி அதே நடுக்கம், அதே கண், அதற்கு மேல் வைத்துத் தைக்கக் குழாய் கிடையாது. அன்றைக்கு நான் கோமதியின் நெற்றியில் எத்தனை தடவை கை வைத்தேனோ. அவளே, "போங்கக்கா, உங்க கைச் சூட்டுலயே காய்ச்சல் வந்துரும்" என்றாள்.

காய்ச்சல் வரவில்லை. ஆனால் மஞ்சளும் வரவில்லை. தினம் காலையில், "கலர்?" "இன்னும் போகலை சார்." அப்புறம் ஒரு நாள் போனது, வெளுப்பாக. பெத்த சார், "பழசு. குடிக்கறதை நிறுத்தினப்புறம், பித்தம் போகாத நாள்ல சேர்ந்தது. பொறுப்போம்" என்றார். ஆனால் அன்றைக்கு அவர் மத்தியானச் சாப்பாட்டைத் திறக்காமலே திருப்பி எடுத்துப்போனதை நான் பார்த்தேன்.

மறுநாள் முழுக்க ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த நாள் கோமதியின் அம்மா குழந்தையோடு ரயிலில் வந்து இறங்கினாள். வார்டுக்குள் குழந்தையை விட மாட்டார்கள். கோமதியை வீல்சேரில் கீழ் வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். அவள் கையை நீட்டினாள். பிள்ளை வீல்சேரைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், வீறிட்டு அழுது பாட்டி தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். நீட்டின கை அப்படியே நின்றது. முருகேசன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஏலே ராசா, அம்மா பேசுதேன்ல" என்றாள் கோமதி மெதுவாக.

அழுகை நின்றது. போனில் கேட்ட குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிற மாதிரி அவள் வாயையே பார்த்தான். அவள் பேசிக்கொண்டே இருந்தாள். மடிக்கு வந்தான். வந்து உட்கார்ந்த சுருக்கில் முக்கி, அவள் மடியை நிறைத்தான். அவள் அம்மா பதறிக் குழந்தையைத் தூக்க வந்தாள். கோமதி கொடுக்கவில்லை.

அப்போதுதான் பெத்த சார் அந்தப் பக்கம் வந்தார். குனிந்து, பழக்க தோஷத்தில், "கலர் ஏமிட்டி?" என்றார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்."

"எனக்கும் இதே கலர்தான் சார்" என்றாள் கோமதி. "காலையில. தானா வந்துச்சு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, நாங்க இங்க சோறு இறங்காம கிடக்கிறோம், காலையிலேயே சொன்னா என்ன?"

"கோவிச்சுக்காதீங்கக்கா. இவன் வருதான்னு சொன்னாங்கல்லா. இவன்ட்ட மொதல்ல சொல்லணும்னு இருந்தேன்."

பெத்த சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே நின்றார். முருகேசன் குழந்தையின் துணியை உருவிக்கொண்டு அலசுவதற்குக் குழாயடிக்குப் போனார். போனவர் தண்ணீரைத் திறக்காமல் அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்தான் போய், கையிலிருந்து பிடுங்கி அலசினேன்.